குடிக்கிற பாலும் வெட்டுகிற பாலும்

பாறசாலையில் என்னை எல்லோரும் 'சாறே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சேலை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளை நான். முதல் நாள் வகுப்பில் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து 'குட்மார்னிங் சார்' என்றபோது, எனக்குப் பின்னால் வேறு யாரோ வருகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. இந்தப் பக்கத்தில் பாடம் நடத்துகிறவர் ஆணோ பெண்ணோ, சார்தான். மீன்காரம்மாகூட வாசலில் நின்று, "சாறே, நல்ல சாளை உண்டு" என்கிறார். கோவில்பட்டியில் வெறும் டீச்சராக இருந்தவள், கணவருக்கு ரயில்வேயில் மாற்றல் வந்ததால் எல்லை தாண்டிக் கேரளத்துக்கு வந்து, பதவி உயர்வு எதுவும் இல்லாமலே சார் ஆகிவிட்டேன். பல வருஷம் வேலை பார்த்தும் தன்னை ஒருவரும் சார் என்பதில்லையே என்று அவருக்கு வீட்டில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

உதியன்குளங்கரைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளியல் எடுக்கிறேன். அவர்கள் பேசுவது தமிழா மலையாளமா என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. ஒரு வாக்கியம் விளவங்கோட்டில் தொடங்கி நெய்யாற்றின்கரையில் போய் முடியும். ஒரு நாள் முப்பதுகளில் உலகத்தையே உலுக்கிய பொருளாதார வீழ்ச்சியைப் பாடம் நடத்தவேண்டி வந்தது. நம்மூர்ப் பழக்கத்தில் 'பெருமந்தம்' என்று கரும்பலகையில் எழுதினேன். பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன், "மந்தம்னா வயித்துக்குத்தானே சாறே, சுக்குக் கஷாயம் குடிச்சா மாறும்" என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். ஆனால் வேலை போவதும் விலை விழுவதும் இந்தப் பிள்ளைகளுக்கு வெறும் வார்த்தையாகவே இருந்துவிடும் போலிருந்தது. அப்போது ஆன்சி சொன்னாள், "படமாட்டுக் காணிச்சா மனசிலாவும் சாறே." படமாகக் காட்டினால் புரியுமாம்.

ஆன்சி குன்னத்துகால் பெண். வாய்க்காரி, அதைவிடக் கெட்டிக்காரி. அவள் அப்பா செல்வராஜுக்கு வீட்டை ஒட்டிக் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. விடியுமுன் எழுந்து தானே மரத்தைக் கீறிப் பால் வெட்டி வந்தவர், ரப்பருக்கு விலை இல்லாமல் போனதும் கத்தியை உத்தரத்தில் செருகிவிட்டுக் கட்டட வேலைக்குப் போகிறார். பரீட்சை முடிந்ததும் மகளை நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லிவைத்திருக்கிறார். அவளுக்கோ கல்லூரியில் பொருளியல் படிக்கவேண்டும். நான் வேண்டுமானால் வந்து அப்பாவிடம் பேசட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் சாறே, எனக்க அப்பா நல்ல ஆளாக்கும். நான்தான் பேசி ஜெயிக்கணும்" என்றாள்.

அப்பாவிடம் பேசி ஜெயிப்பதா? எனக்கு அது வேற்றுக்கிரகத்துச் செய்தி மாதிரி இருந்தது. எங்கள் வீட்டில் அப்பாவிடம் யாரும் தோற்றதுகூட இல்லை, பேசினால்தானே தோற்பதற்கு. என் அக்கா பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாவதாக வந்தவள். அந்த வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் அப்பாவுக்கு வேலை குறைந்துபோனது. முன்னறையில் அப்பாவும் பெரியப்பாவும் உட்கார்ந்து குரல் உயர்த்தாமல் பேசினார்கள். அக்கா காபி கொண்டுபோய் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். டம்ளரை எடுக்கப் போனபோது அவள் படிப்பு முடிந்திருந்தது. அப்பா கெட்டவர் இல்லை, அன்று ராத்திரி அவரும் சாப்பிடவில்லை. ஆனால் அந்த அறையில் அக்காவுக்கும் ஒரு வாய் உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. அக்காவுக்கே தோன்றவில்லை. சின்னப் பிள்ளையாகக் கதவோரம் நின்று பார்த்த எனக்கும்தான்.

பழைய கறுப்பு வெள்ளைச் செய்திப்படத் துண்டுகளைத் தேடியெடுத்து, நானும் பிள்ளைகளும் ஒன்றாகக் கோத்தோம். ஆன்சி தன் போனிலேயே வெட்டி ஒட்டினாள். பூட்டிய ஆலைகள், கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் ஆட்கள், விற்காத விளைச்சலை அழிக்கும் விவசாயிகள். ஒரு துண்டுக்கும் சத்தம் கிடையாது. பள்ளியில் மட்டும் காட்டினால் போதாது, வாயனசாலையில் போடவேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். வாயனசாலை என்றால் ஊர்ப் படிப்பகம். நம்மூரில் படிப்பகம் பேப்பர் பார்த்துவிட்டுத் தூங்கும் இடம். இங்கே ஞாயிற்றுக்கிழமை படம் போட்டு, ரப்பர் வெட்டுகிறவரும் வங்கி அதிகாரியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். செயலாளர் சசிதரன் அண்ணன், ஜங்ஷனில் பேனா, பேப்பர் விற்கும் கடைக்காரர், அன்றே வாசலில் அறிவிப்பை ஒட்டிவிட்டார். அதில் 'படம், பின்பு சர்ச்ச' என்றும், சர்ச்சையை நடத்துவது நான் என்றும் இருந்தது.

எனக்குக் கைகால் ஓடவில்லை. நம்மூரில் ஒரு படத்துக்குச் சர்ச்சை என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேனர் கிழியும், தியேட்டரில் கல் விழும். நானோ தற்காலிக ஆசிரியை. நேரே கடைக்குப் போய், சர்ச்சை மட்டும் வேண்டாம் அண்ணே, நான் பிழைக்க வந்தவள் என்று கெஞ்சினேன். போலீசுக்குச் சொல்லிவிட்டீர்களா என்றும் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கேள்வி கேட்டால் பதில் சொல்லப் பயப்படுகிற ஆசிரியை என்று நினைத்திருக்க வேண்டும். "சர்ச்ச இல்லாம எதுக்கு சாறே படம்? வெறுத கண்டுட்டுப் போவதுக்கா?" என்றார். மறுநாள் வகுப்பில் ஆன்சிதான் விளக்கினாள். இங்கே சர்ச்ச என்றால் சண்டை இல்லை. கூடியிருந்து பேசுவது, அவ்வளவுதான். ஒரே சொல் எல்லைக்கு அந்தப் பக்கம் கல்லெறிகிறது, இந்தப் பக்கம் நாற்காலி எடுத்துப் போடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாயனசாலை நிறைந்துவிட்டது. கட்டன் சாயாவும் பழம்பொரியும் கைமாறின. செல்வராஜும் வந்திருந்தார், தலை படிய வாரி, வெள்ளை வேட்டியில். படத்துக்குச் சத்தம் இல்லாததால் நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே வந்தேன். பெரிய பெரிய கேன்களை வண்டியிலிருந்து கவிழ்த்து, ரோட்டில் வெள்ளையாக ஓடவிடும் காட்சி வந்தது. பால் கொட்டுவதை நான் பார்த்ததெல்லாம் நம்மூரில் கட்அவுட் தலையில்தான். இது அப்படியில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, "விலை விழுந்ததும் பாலைக் கொட்டிவிட்டார்கள்" என்றேன். சபை 'உச்' கொட்டியது. சிலர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். என் விளக்கம் இவ்வளவு சீக்கிரம் புரிந்துவிட்டதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விளக்குப் போட்டதும் முதலில் எழுந்தது செல்வராஜ். "சாறே, ஒரு சம்சயம் உண்டு. பால எதுக்குக் கொட்டணும்? ஆசிட் ஊத்தி ஷீட் அடிச்சு வச்சா, விலை ஏறும்பம் விக்கலாம்லா?"

பாலில் ஆசிட் ஊற்றச் சொல்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன். திருதிருவென்று விழித்தேன். சபையோ அவர் கேட்டது சரிதானே என்று என்னைப் பார்த்தது. பெண்பிள்ளைகள் வரிசையிலிருந்து ஆன்சி எழுந்தாள். "அப்பா, அது ரப்பர் பால் இல்ல. பசும்பால். குடிக்குத பால்."

இந்த ஊரில் பால் என்றால் முதலில் ரப்பர் பால்தான், ஆசிட் விட்டு உறையவைத்து ஷீட்டாக அடிப்பது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அத ஒருக்கக்கூடப் போடு மக்கா" என்றார் செல்வராஜ். மறுபடி போட்டோம். இரண்டாவது முறை ஒருவரும் 'உச்' கொட்டவில்லை. கஞ்சி வரிசை ஒரு பக்கம், ரோட்டில் ஓடும் பால் ஒரு பக்கம். வருஷக்கணக்காக நான் பாடமாக எடுத்த விஷயம், அன்றுதான் எனக்கே நெஞ்சில் அடித்தது.

பிறகு தொடங்கிய சர்ச்ச இருக்கிறதே, அதைப் பார்க்க நீங்கள் எல்லோரும் வந்திருக்க வேண்டும். கொட்டியவன் பாவி என்றார் ஒருவர். கொட்டவைத்த வியாபாரிதான் பாவி என்றார் இன்னொருவர். செல்வராஜ் கொட்டியவன் பக்கம் நின்றார். வண்டிக் கூலிக்குக்கூடக் கட்டாத பொருளை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான் என்று கேட்டார். அப்புறம் யாரும் எதிர்பாராத இடத்துக்குப் போனார். "விலை இல்லாத்தத மனுசன் கையில வச்சிட்டு இருக்கப்பிடாது. நான் வெட்ட நிறுத்தினேன். இந்தப் பிள்ளைக்க படிப்பயும் நிறுத்தப் போறேன். படிப்புக்கும் இப்பம் விலை இல்ல."

ஆன்சி மறுபடி எழுந்தாள். என் கை தன்னால் அவளை உட்கார் என்று காட்டப் போனது. "அவிய கொட்டினது குடிக்க ஆளில்லாம இல்ல அப்பா, விலை இல்லாம. குடிக்க ஆளு வரிசையில நின்னுது. நீங்க என் படிப்பக் கொட்டப் போறிய. குடிக்க ஆளு இங்க நிக்குதேன்லா."

ஒருவரும் அவளை அதட்டவில்லை. சசிதரன் அண்ணன் செல்வராஜ் பக்கம் திரும்பி, பதில் உண்டா என்று கேட்டார். உண்டு என்றார் அவர். படித்து முடித்த பிறகு வேலை இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்றார். துணிக்கடை அப்போதும் அங்கேதான் இருக்கும் என்றாள் அவள். அவர் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, ஊர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் செல்வராஜ் என்னிடம் திரும்பினார். கோபம் என்றுதான் நினைத்தேன். அந்த மனுஷன் முகத்தில் சிரிப்பு. "சாறே, இவ தர்க்கிக்கதக் கேட்டியளா? இவளக் கடையில கொண்டு நிறுத்தினா, சேலை எடுக்க வாற ஆளெல்லாம் ஓடிப்போவும். போட்டும், படிக்கட்டும்."

சபை கைதட்டியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தோற்றுப்போனதற்கு இவ்வளவு பெருமைப்படுகிற ஓர் அப்பாவை நான் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் காலையில், இன்னும் கோவில்பட்டி வீட்டிலேயே இருக்கும் அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆசிட்டுக்குச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள், "அத்தன ஆம்பளைக இருக்கிற இடத்துல அந்தப் பிள்ள பேசுச்சா?"

"பேசுச்சுக்கா."

"யாரும் உக்காருன்னு சொல்லலியா?"

"சொல்லலக்கா."

போனில், அவள் வாசலுக்கு வந்த பால்காரரின் சைக்கிள் மணி கேட்டது. பிறகு, "உங்க ஊரு நல்ல ஊருடி" என்றாள் அக்கா. நாங்கள் இரண்டு பேரும் பிறந்த வீட்டில், அந்த முன்னறையில் நின்றுகொண்டுதான் அவள் அதைச் சொன்னாள்.