துள்ளுமாவும் மயக்க டாக்டரும்

“வாய நல்லா தொறங்கண்ணே. நாக்க நீட்டுங்க.” சொல்லிக்கொண்டே நோயாளியின் தாடைக்கடியில் விரல்களை வைத்து அளக்கிறார் டாக்டர் தேவிபிரியா. பெயரைப் பிறகுதான் கேட்பார். அருப்புக்கோட்டைக்காரர்கள் வாயில் அவர் ‘மயக்க டாக்டர்’. அறுவை செய்வது நான்தான். ஆனால் அவர் தலையாட்டாமல் நான் கத்தியைத் தொட முடியாது. இதில் எனக்கு அவ்வப்போது எரிச்சல் வரும், மறைப்பானேன்!

அவருடையது வீட்டில் கன்னடம் பேசும் நெசவுக் குடும்பம். நோயாளி மயங்கியதும், மூச்சு இயந்திரம் பக்கத்தில் தயாராக நிற்க, முதல் சில மூச்சுகளைப் பையை அமுக்கித் தன் கையாலேயே கொடுப்பார். அப்போது வாய்க்குள் கன்னடத்தில் எண்ணுவார். “மெசினு சரியாத்தான் ஊதும் சார். நெஞ்சு எறுக்கமா இருக்கானு கைக்குத்தான் மொதல்ல தெரியும்” என்பார். பிறகு இயந்திரத்திடம் விட்டுவிட்டு, நிம்மதியாக ஸ்டூலில் உட்கார்வார்.

சென்ற வாரம் பால்ச்சாமி வந்தார். மைக் கட்டிய ஆட்டோவில் ஊர் ஊராக விளம்பரம் சொல்பவர். மேல்வயிற்றில் குடலிறக்கம். வயிற்றைப் பற்றிக் கவலையே இல்லை; தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “கொரலு போச்சுன்னா நான் வண்டிய வித்துர வேண்டியதுதான் டாக்டரம்மா. தொண்டைக்குள்ள கொழா விடாதீக.”

தேவிபிரியா அவருக்குக் குழாய், மாஸ்க் இரண்டையும் எடுத்துக் காட்டினார். குழாய் குரல் நாண்களைத் தாண்டி மூச்சுக்குழலுக்குள் போகும்; சில நாள் தொண்டை கரகரக்கலாம். மாஸ்க்கும் வாய் வழியாகத்தான் போகும், ஆனால் குரல்வளைக்கு மேலேயே மூடிபோல் உட்கார்ந்துவிடும். “ஒங்களுக்கு மாஸ்க்கே போதும்ணே. ஆனா வயிறு காலியா இருக்கணும். சோறு மேல வந்தா மாஸ்க்கு தடுக்காது.”

அறுவையன்று காலை, “சாப்பிட்டீகளா?” என்று நான் கேட்டேன். “பச்சத்தண்ணி பல்லுல படல சார்” என்றார் பால்ச்சாமி. தேவிபிரியா அவர் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். “கோயில்ல என்ன குடுத்தாகண்ணே?”

“துள்ளுமாவு. மாரியாத்தாளுக்குப் படைச்ச அரிசிமாவும் வெல்லமும், ரெண்டு உருண்ட. அது பிரசாதம்ல, சாப்பாடா தாயி?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலம் திருச்சுழியில் தங்கை மகளுக்கு வளைகாப்பு. “குழாயைப் போட்டு முடிச்சிருவோமே?” என்றேன்.

“குழா உள்ள போறதுக்குள்ளயே வாந்தி ஏறி நுரையீரலுக்குப் போயிட்டா? அவசர கேசும் இல்ல. சாயங்காலம் வரைக்கும் இருப்போம் சார். மாஸ்க்கே போடலாம்.” குரலை உயர்த்தவில்லை. டிபன்பாக்ஸைத் திறந்து எனக்கும் ஒரு புளியோதரைப் பங்கு வைத்தார். வளைகாப்புச் சாப்பாடு போனது போனதுதான். ஆனாலும் இப்படி ஓர் ஆள் பக்கத்தில் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

சாயங்காலம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பால்ச்சாமி கண் விழித்து வாயைத் திறக்க, தேவிபிரியா மாஸ்க்கை மெல்ல உருவினார். “பேசுங்கண்ணே.”

அவர் எச்சில் விழுங்கினார். பயத்தில் உதடு மட்டும் அசைந்தது. தேவிபிரியா கையிலிருந்த மாஸ்க்கைத் திருப்பி, அவர் வாய்க்கு நேரே மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு, “பெரியோர்களே, தாய்மார்களே” என்று பால்ச்சாமியின் குரல் கணீரென வரும்வரை கையை எடுக்கவில்லை.