மஞ்சள் குழாய்

இது நடந்தது. நடந்த இடம் அன்னவாசல் பக்கம், கைவிட்டுப்போன ஒரு கல்குவாரி. நடந்த நேரம் ராத்திரி இல்லை, உச்சி வெயில். பேய்க்கு வெயில் ஆகாது என்று யாராவது சொன்னால், அன்றைக்குக் கரையில் நின்ற நாற்பது பேரில் ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள். சிலிர்த்து நிற்கிற கையைக் காட்டிவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார்கள்.

எழிலரசன் மஸ்கட்டில் ஆறு வருஷம் இருந்தவன். டைவிங் கடை ஒன்றில் சிலிண்டருக்குக் காற்று அடிக்கிற வேலை. அங்கேயே நாலு நாள் பயிற்சி எடுத்து ஓர் அட்டை வாங்கியிருந்தான். பதினெட்டு மீட்டர் வரை இறங்கலாம். அதுவும் தெளிந்த கடலில், நல்ல வெளிச்சத்தில், பயிற்சி எடுத்த துணையோடு. ஊருக்கு வந்தவன் அட்டையை எல்லோரிடமும் காட்டினான். அதில் இருந்த எல்லைகளை மட்டும் சொல்லவில்லை.

குவாரித் தண்ணீருக்குள் ஒரு மோட்டார் விழுந்து கிடந்தது. "நான் எடுத்துத் தாரேன்" என்று வாயை விட்டான். துணைக்கு அக்கா புருஷன் நாகராசு. எந்நேரமும் வெற்றிலை குதப்புகிற வாய், மேல் வரிசையில் ஒரு பல் போன சிரிப்பு. கிணற்றில் முங்கினால் ரெண்டு நிமிஷம் தம் கட்டுவார்.

"தம் கட்டத் தெரிஞ்சவனுக்கு எதுக்கு மாப்ள ட்ரெய்னிங்கு?"

"கீழ போனா மூச்சை அடக்கவே கூடாது மச்சான். விட்டுக்கிட்டே இருக்கணும்."

"சரி, விட்டுட்டாப் போச்சு!"

அவ்வளவுதான் பாடம். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ரெண்டு பேரும் இறங்கினார்கள். எழிலரசன் மட்டும் ஏறி வந்தான்.

"மச்சானே கையை விட்டுட்டாரு. எங்கிட்ட காத்து கேக்கவே இல்லக்கா."

அக்கா சொர்ணவல்லியிடம் சொன்னான். போலீஸிடமும் அதையே சொன்னான்.

பாதாளக்கரண்டி போட்டு ரெண்டு நாள் துழாவினார்கள். உடம்பு சிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை சொர்ணவல்லி தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"கூட்டிட்டுப் போனது நீ. நீயே கூட்டிட்டு வா."

எழிலரசன் குழாயடியில் உட்கார்ந்து கருவிகளைக் கழுவினான். அக்காதான் தண்ணீர் ஊற்றினாள். கறுப்புக் குழாய்களுக்கு நடுவே ஒன்று மட்டும் மஞ்சள்.

"இது எதுக்கு?"

"கூட வர்றவங்களுக்குக் காத்து தீந்துட்டா, இதை வாயில குடுக்கணும்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்கா மஞ்சள் குழாயின் நுனியில் இருந்த, வாயில் கடிக்கிற ரப்பர் மவுத்பீஸை எடுத்து, தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

கரையில் கயிறு பிடித்தது கல் லாரி ஓட்டுகிற அருள்தாஸ்.

"அடித்தரை முப்பது மீட்டராம்டா. ஒன் அட்டை பதினெட்டுதானே? தூத்துக்குடியில இருந்து முக்குளிக்கிற ஆளுங்க நாளைக்கு வந்துருவாங்க. பொறேன்டா."

எழிலரசன் அக்காவைப் பார்த்தான். இடுப்பில் கயிற்றைக் கட்டினான். ஒரு இழுப்பு என்றால் நல்லா இருக்கேன். மூணு இழுப்பு என்றால் மேலே.

11.48. இறங்கினான்.

பத்து மீட்டரில் பச்சை மங்கியது. பதினெட்டில் அட்டை முடிந்தது, அவன் நிற்கவில்லை. இருபத்தி நாலில் பகலே இல்லை. டார்ச் வெளிச்சத்தில் பாறைச் சுவரும், வெடி வைக்கத் துளைத்த ஓட்டைகளும்.

12.01. காற்று மீட்டரைப் பார்த்தான். இருநூறில் தொடங்கியது, இப்போது நூறு. இவ்வளவு வேகமாகவா?

குபு... குபு... குபு...

தன் மூச்சுதான். செய்யக்கூடாது என்று தெரிந்தும், ஒரு நொடி மூச்சை நிறுத்திப் பார்த்தான்.

குபு... குபு...

நிற்கவில்லை.

இடது பக்கம். மிக அருகில்.

எண்பது.

மார்பில் தொங்க வேண்டிய மஞ்சள் குழாயைத் தடவினான். தொங்கவில்லை. விறைப்பாக, பக்கவாட்டில், இருட்டுக்குள் நீண்டிருந்தது.

மறுமுனையில் யாரோ மூச்சை இழுத்தார்கள்... விட்டார்கள்... இழுத்தார்கள்...

ஞாயிற்றுக்கிழமையும் இங்கேதான். நாகராசு கழுத்தில் கை வைத்து, காற்று இல்லை என்று காட்டினார். அந்தக் கை இந்த மஞ்சள் குழாயைத்தான் தேடி வந்தது. எழிலரசன் அவர் நெஞ்சில் உதைத்தான். மேலே போனான். அப்போது அவன் சிலிண்டரில் தொண்ணூறு மிச்சம்.

அறுபது.

டார்ச்சைக் குழாயோடு நகர்த்தினான்.

ஒரு அடி... ரெண்டு அடி...

அதற்கு மேல் கை போகவில்லை.

கயிற்றை இழுத்தான். மூன்று முறை.

12.09. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தான். மூக்கில் ரத்தம். அவசரமாக ஏறியதற்குச் சம்பளம். இடது காது அன்றோடு போனது.

கரையில் யாரும் அவனைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கப் பாறையில் வேட்டி போர்த்தி ஒரு உடம்பு கிடந்தது.

"பதினொன்னு அம்பத்தஞ்சுக்கே மச்சான் தானா மெதந்துட்டாருடா," என்றான் அருள்தாஸ். "ஒன்னைய வரச் சொல்லி மூணு இழுப்பு இழுத்தேன். நீ ஒரு இழுப்பு குடுத்த."

"நானா?"

"நல்லா இருக்கேன்னு குடுத்தியேடா! அப்புறம்..." அருள்தாஸ் குரலைத் தாழ்த்தினான். "கொமிழி ரெண்டு எடத்துல வந்துச்சு. நீ ஏறி வர்ற வரைக்கும் வந்துச்சு. கீழ ஒங்கூட யாருடா?"

சொர்ணவல்லி உடம்பை விட்டு எழுந்து வந்தாள். அழவில்லை. தம்பியின் மார்பில் தொங்கிய மஞ்சள் குழாயை எடுத்து, மவுத்பீஸைத் திருப்பினாள்.

வெற்றிலைச் சாறு. சிவக்கச் சிவக்க, ஈரம் காயாமல்.

ரப்பரில் அழுந்தக் கடித்த பல் தடம். மேல் வரிசையில் ஒரு பல்லுக்கு மட்டும் தடம் இல்லை.

"காலையில நாந்தானே கழுவுனேன்," என்றாள்.

மவுத்பீஸைத் தம்பி முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"கேக்கவே இல்லைன்னியே தம்பி."