தகர டின்னில் இரண்டு கோடுகள்

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம். திருவரங்குளத்துக்குத் தெற்கே எங்கள் ஊர்க் கண்மாயில் வழக்கம்போலத் தண்ணீர் குறைந்து, முறை வைத்துத்தான் வயலுக்குப் பாய்ந்தது. எங்கள் குடும்பத்துக்கு எட்டு நாளைக்கு ஒருமுறை, ஒரு டின் நேரம். மண்ணெண்ணெய் டின் ஒன்றின் அடியில் ஆணியால் பொடித் துளை போட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றி வரப்பில் இரண்டு கல்லின் மேல் வைப்பார்கள். அது வடிந்து தீரும்வரை மடைத் தண்ணீர் எங்களுக்கு.

அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரிந்தபோது டின்னையும் பிரித்துக்கொண்டார்கள். உள்ளே சரிபாதியில் ஒரு கோடு கீறி, மேல்பாதி வடியும்வரை மூத்தவருக்கு, கீழ்ப்பாதி அப்பாவுக்கு என்று ஏற்பாடு. டின்னுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்து, கோடு தெரிந்ததும் கத்துவது என் வேலை. எனக்கு ஒன்பது வயது. அந்த உத்தியோகத்தில் எனக்கிருந்த மிதப்பு தாசில்தாருக்குக்கூட இருந்திருக்காது.

பெரியப்பாவின் கடைசித் துண்டு வயல் மட்டும் எப்போதும் வெடித்துக் கிடக்கும். அவருக்கு வாய்க்கால் வெட்டத் தெரியவில்லை என்று அம்மா சொல்வாள்.

புதுக்கோட்டைக் காலேஜில் கணக்கு படித்த என் மாமா, அம்மாவின் தம்பி, அந்த லீவுக்கு வந்திருந்தார். டின்னைப் பார்த்தவர் பென்சிலை எடுத்துவிட்டார்.

"ஒசரம் கொறையக் கொறைய வடியுற வேகமும் கொறையுது. ஒசரமும் நேரமும் கலந்து கெடக்கு. மொதல்ல ரெண்டையும் பிரிக்கணும்."

உயரம் சம்பந்தப்பட்டதையெல்லாம் சமக்குறிக்கு இந்தப் பக்கமும் நேரத்தை அந்தப் பக்கமும் கொண்டுபோனார். பிறகு இரண்டையும் தனித்தனியாகத் தொகையிட்டார். பாதி நேரம் ஆகும்போது தண்ணீர் கால்வாசி உயரத்தில், அடியிலிருந்து நாலு விரல் மட்டத்தில் நிற்கும் என்று விடை வந்தது. சட்டைப்பைக் கடிகாரத்தை வைத்துச் சோதித்தார். டின் முழுக்க வடிய இரண்டு மணி நேரம். ஒரு மணி நேரத்தில் நாலு விரலுக்கே வந்து நின்றது. பாதியில் போட்ட பழைய கோடோ முப்பத்தைந்தாவது நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டிருந்தது. அப்படியானால் இத்தனை வருஷமும் பெரியப்பாவுக்கு முப்பத்தைந்து நிமிஷம், எங்களுக்கு எண்பத்தைந்து.

அம்மாவுக்கு வந்ததே கோபம். "ஏன்டா, எங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு எங்க தண்ணியவே கொறைக்கிறியா?"

அப்பா டின்னுக்குள் ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு, பெரியப்பா கேட்கும்படியாகவே சொன்னார்: "ஞாயம்னா ஞாயந்தான். புதுக் கோடு போடுங்க மாப்ள."

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாமா நாலு விரலில் புதுக் கோடு கீறினார். தகரத்தில் கீறியது என்பதால் பழையதை அழிக்க முடியவில்லை.

எங்கள் அடுத்த முறை வந்தபோது மாமா ஊருக்குப் போயிருந்தார். பயிர் பால்பிடிக்கும் சமயம். டின்னுக்குள் பார்த்தேன். முக்கால் டின் பெரியப்பாவுக்கு, என் அப்பாவுக்கு வெறும் நாலு விரலா? பழைய கோடு தெரிந்ததும் கத்திவிட்டேன்.

பெரியப்பா வந்து குனிந்து பார்த்தார். உள்ளே அரை டின் தண்ணீர் நின்றது.

"நல்லாப் பாத்தியாத்தா?"

"பாத்தேன் பெரியப்பா."

அவர் போய் ஒரு வெட்டு மண்ணைப் போட்டுத் தன் வாய்க்காலை அடைத்தார். நிழலைப் பார்த்தே மணி சொல்லக்கூடியவர் என் அப்பா. வரப்பில் நின்றவர் சூரியனை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்; ஒரு மணி நேரம் இன்னும் ஆகியிருக்கவில்லை. பிறகு மண்வெட்டியை எடுத்து எங்கள் வாய்க்காலைத் திறந்துவிட்டார்.

அறுப்பில் பெரியப்பாவின் கடைசித் துண்டு பூராவும் பதர். அவர் எதையும் வெளியே சொல்லவில்லை, என்மேல் வைத்திருந்த பிரியமும் குறையவில்லை. பின்னாளில் அந்தக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன்; மாமா சொன்ன விடை சரிதான். அன்று அந்த வரப்பில் பொய் சொன்னது நான் ஒருத்திதான் என்று மட்டும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.