அசையாத மாப்பிள்ளை

சந்தைக்குப் புதிதாக எந்தக் கருவி வந்தாலும் அதை வாங்கி, நோண்டிப் பார்த்து, நாலு குறை கண்டுபிடித்து இணையத்தில் எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வீட்டில் மனிதர்களைவிட சார்ஜர்கள் அதிகம் என்று கணவர் சலித்துக்கொள்வார். சலித்துக்கொள்ளட்டும். படம் துல்லியமாக வருகிறதா, குரல் அறுபடாமல் கேட்கிறதா, இருட்டில் முகம் தெரிகிறதா என்று சோதித்து மதிப்பெண் போடுவதில் உள்ள சுகம் அவருக்குத் தெரியாது. ஆனால் நான் பார்த்ததிலேயே படுமோசமான வீடியோ அழைப்பு எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் பதில் சொல்வேன். அது திண்டுக்கல்லில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் நடந்தது. அன்று என் சித்தியைப் பெண் பார்த்தார்கள்.

நான் அப்போது திண்டுக்கல்லில் ஏழாம் வகுப்பு. கோடை விடுமுறையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய், பூப்போட்ட பார்டர் வைத்த சான்றிதழும் வாங்கியிருந்தேன். எங்கள் சொந்தபந்தத்தில் மௌஸைத் தொட்டுப் பார்த்த ஒரே ஆள் நான்தான். அதனால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் என்று சொல்வது என் பெருந்தன்மை.

சித்தி அம்மாவுக்கு ஒரே தங்கை. தாத்தா காலமான பிறகு எரியோட்டில் மாமா வீட்டில் இருந்தாள். பி.ஏ. முடித்தவள் வீட்டில் சும்மா இருப்பானேன் என்று வேடசந்தூருக்குப் பஸ் ஏறிப் போய் டைப்ரைட்டிங் படித்து, லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்திருந்தாள். அதற்குள் பலர் வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் முகத்தையும் அவள் சரியாகப் பார்த்ததில்லை. தட்டை நீட்டி, கும்பிட்டு, குனிந்த தலை நிமிராமல் உள்ளே போய்விட வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி.

இந்த வரன் ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்தது. காய்கறி மண்டி வைத்திருக்கும் குடும்பம், மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. லீவு கல்யாணத்துக்கு மட்டும்தான் கிடைக்கும், போட்டோவைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிடு என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். அவர் முடியாது என்று சொல்லிவிட்டாராம். தான் பெண்ணைப் பார்க்க வேண்டும், அதைவிடப் பெண் தன்னைப் பார்க்க வேண்டும் என்றாராம். அந்த இரண்டாவது பாதியைக் கேட்டு எங்கள் மாமாவுக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது.

சித்திக்கு வேறு கவலை. மாமா வீட்டுக்கு அடுத்த வீட்டு அக்காவைக் கட்டிக்கொடுத்த கையோடு புருஷன் சவுதிக்குப் போய்விட்டான். அவள் மாமியாருக்கு அரைத்துக்கொண்டும் மாமனாருக்கு வெந்நீர் வைத்துக்கொண்டும் அவன் வரும் நாளுக்காகக் காத்துக்கிடந்தாள். சித்தி எங்கள் வீட்டு அடுப்படியில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"என்னையக் கூட்டிட்டுப் போவாரா, இல்ல ஒட்டன்சத்திரத்துல விட்டுட்டுப் போயிருவாராக்கா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

அம்மா மாமாவிடம் கேட்டாள். "இதெல்லாம் பொண்ணு வீட்டுக்காரவுக கேக்குற கேள்வியா? கைக்கு வந்த வரனக் கெடுத்துப்புடாத" என்று மாமா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அதற்குப் பிறகு சித்தி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

நாள் வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. மாப்பிள்ளைக்கு அங்கே விடுமுறை, நமக்கோ விசேஷமான கிழமை. ஆனால் நேரம் குறிப்பதில்தான் பெரும் சிக்கல். பஞ்சாங்கம் பார்க்கும் பெரியப்பா, நம்மூர் மணிக்கும் துபாய் மணிக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம் என்பதை எப்படியோ தெரிந்துவைத்திருந்தார். நம் ராகு காலத்தைத் தள்ளுவதா, அவர்கள் ராகு காலத்தைத் தள்ளுவதா?

"ராகு என்ன பிளேன்லயா போறாரு? எல்லா ஊருக்கும் ஒண்ணுதான்" என்றார் மாமா.

"அப்ப அங்க சூரியன் எதுக்கு லேட்டா உதிக்குது? சூரியனுக்கு ஒரு நாயம், ராகுவுக்கு ஒரு நாயமா?" என்று பெரியப்பா மடக்கினார்.

கடைசியில் எதற்கு வம்பு என்று இரண்டு ஊர் ராகு காலத்தையும் தள்ளிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். நான் இல்லாமல் எப்படி நடக்கும்?

சென்டர் வைத்திருந்த அண்ணன் அன்று மற்ற வாடிக்கையாளர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தடுப்புப் பலகைகளை நகர்த்தி, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, சின்னக் கல்யாண மண்டபம்போல ஆக்கிவைத்திருந்தார். எரியோட்டிலிருந்து வேனில் எல்லோரும் வந்து இறங்கினார்கள். கேசரி ஒரு தூக்கில், வாழைக்காய் பஜ்ஜி ஒரு கூடையில். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் ஒட்டன்சத்திரத்திலிருந்து நேராக வந்தார்கள். அந்த அம்மாள் மானிட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணனுக்கு இருந்த ஒரே கவலை எண்ணெய்க் கைதான். "கீபோர்டுல மட்டும் பஜ்ஜி வச்சிராதீங்கம்மா" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார்.

சித்தி கீபோர்டுக்கு முன்னால், நான் பக்கத்தில் மௌஸோடு. பெரியவர்கள் பின்னால்.

இணைப்புக் கிடைத்து, தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு முகம் தெரிந்தது. நான் அதை இழுத்துப் பெரிதாக்கினேன். கட்டம் கட்டமாக ஒரு மாப்பிள்ளை வந்தார். மீசை இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மாமா உடனே, "தட்டக் காட்டு தாயி" என்றார். சித்தி பஜ்ஜித் தட்டைத் தூக்கிக் கேமராவுக்கு நேராக நீட்டினாள். ஆக, எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை முதன்முதலாகப் பார்த்தது ஒரு வாழைக்காய் பஜ்ஜியை. "கும்பிட்டுக்க" என்றார் பெரியப்பா. சித்தி எழுந்து குனிந்து கும்பிட்டாள். கேமராவில் காலி நாற்காலி மட்டும் தெரிந்தது.

அதோடு படம் நின்றுவிட்டது. குரலும் வரவில்லை. மைக்கில் கரகரவென்று ஏதோ வறுபடும் சத்தம் மட்டும் வந்தது. "சாமீ, சாப்ட்டியா?" என்று மாப்பிள்ளையின் அம்மா மானிட்டரைப் பார்த்துச் சத்தம் போட்டார்.  மாப்பிள்ளை தலையைக் கவிழ்த்து, இமை தாழ்த்தி, லேசான சிரிப்போடு உறைந்துபோயிருந்தார்.

 படம் ஸ்டக் ஆகிவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பெரியப்பா நெகிழ்ந்துபோனார்.

"என்னா அடக்கம்! வந்ததுலேர்ந்து தலையத் தூக்கலையே!"

"எம்பையன் அப்படித்தானுங்க. பொம்பளப் புள்ளைகள நிமுந்து பாக்க மாட்டானுங்க" என்றார் அந்த அம்மாள், பெருமை தாங்காமல். பெரியவர்கள் அந்த அசையாத முகத்தைப் பார்த்தபடி பஜ்ஜி தின்று, மாப்பிள்ளையின் குணநலன்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் திரையின் கீழ்மூலையில், ஒரு சின்னக் கட்டத்தில் எழுத்து வந்தது. அந்த ஆமை வேக இணைப்பில் படமும் குரலும் மாட்டிக்கொண்டாலும், எழுத்து மட்டும் எப்படியோ புகுந்து வந்துவிட்டது. ஆங்கில எழுத்தில் தமிழ். 'நான் பேசுறது கேக்குதா?'

கேட்கவில்லை என்று அடிக்க வேண்டும் என்று சித்தியின் காதில் சொல்லிவிட்டு, ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு கே எழுத்தைத் தேடினேன். நான் தேடி முடிப்பதற்குள் சித்தியின் பத்து விரல்களும் கீபோர்டில் இறங்கின. சடசடவென்று ஒரு சத்தம். கீபோர்டைக் கண்ணாலும் பார்க்கவில்லை. 'கேக்கல. படமும் நின்னுபோச்சு. நீங்க குனிஞ்சபடியே இருக்கீங்க. எல்லாரும் உங்க அடக்கத்தப் புகழ்ந்துக்கிட்டு இருக்காங்க.'

'கீபோர்டுல எழுத்து தேடிக்கிட்டு இருந்திருப்பேன்' என்று வந்தது.

 கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் என்ற என் பட்டம் அந்த நிமிடமே பறிபோனது.

"என்னத்தா, தட்டிக்கிட்டே இருக்க?" என்றார் மாமா பின்னாலிருந்து.

சித்தி திரும்பாமல், "இப்பிடித் தட்டிக்கிட்டே இருந்தாத்தான் லைன் கட்டாகாதாம்ணே" என்றாள்.

இப்படி ஒரு பொய்யை என் காதுபடச் சொன்னால் பொறுக்குமா? நான் சென்டர் அண்ணனைப் பார்த்தேன். அவர் திரையை ஒரு பார்வை பார்த்தார், சித்தியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல், "ஆமா சார், தட்டணும்" என்றார்.

"அப்படிங்களா? அப்ப நல்லாத் தட்டு கண்ணு, நிறுத்தாமத் தட்டு" என்று மாப்பிள்ளையின் அம்மா உத்தரவே கொடுத்துவிட்டார்.

சித்தி உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். ஒரு வரி அடித்தாள், அழித்தாள். மறுபடி அடித்தாள். 'கல்யாணம் முடிஞ்சதும் என்னைக் கூட்டிட்டுப் போவீங்களா, விட்டுட்டுப் போவீங்களா?' அதை அனுப்பிவிட்டு அவள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தது என் தோளில் தெரிந்தது.

 கட்டம் வெறுமையாக இருந்தது. பின்னால் பெரியப்பா மாப்பிள்ளையின் நெற்றி அமைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி போட்டால் படம் ஓடும், வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மௌஸை அங்கே கொண்டுபோனேன். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் பதிகிற மாதிரி பிடித்தாள்.

"சரி பண்ணாத பாப்பா. அப்பிடியே இருக்கட்டும்."

செத்த நேரம் கழித்து எழுத்து வந்தது. 'கூட்டிட்டு வரத்தான் கல்யாணமே. குடும்பத்தக் கூட்டிவர அனுமதி கேட்டு கம்பெனியில எழுதிக் கொடுத்திருக்கேன். அது கைக்கு வந்தப்புறம் தேதி வச்சுக்கலாம். எங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்.'

சித்தி அதை எத்தனை தடவை படித்தாளோ. அவள் கண் நிறைந்திருந்தது. எனக்கோ படம் அசையவில்லையே என்ற எரிச்சல். அடுத்து, 'பஜ்ஜி நீங்க போட்டதா?' என்று வந்தது. எங்கள் குடும்பத்தில் பெண் பார்க்கும் நாளன்று பலகாரம் முழுக்கப் பெண் செய்தது என்றுதான் சொல்வார்கள். அது தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிவரும் ரகசியம். சித்தி கூசாமல் அடித்தாள். 'எங்கக்கா போட்டது. நான் தட்டு மட்டும்தான் தூக்கினேன்.'

அந்த நேரம் பார்த்து படத்துக்கு உயிர் வந்தது. மாப்பிள்ளை தலையைப் பின்னால் சாய்த்து, பல் மொத்தமும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த நொடி அப்படியே மறுபடி உறைந்துபோனார். பெரியப்பா வாயிலிருந்த கேசரியை விழுங்க மறந்துவிட்டார். இவ்வளவு நேரம் கட்டி எழுப்பிய அடக்கம் என்ன ஆயிற்று என்பதுபோல எல்லோரும் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார்கள்.

அந்த அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்து திரைக்கு அருகில் வந்தார். மகனின் அந்தச் சிரிப்பை ஒட்டி நின்று பார்த்தார். "வெளிநாடு போனதுக்கப்புறம் இவன் இப்படிச் சிரிச்சு நான் பாக்கவேயில்லைங்க" என்றார். பிறகு தன் தலையிலிருந்த மல்லிகைப்பூவில் பாதியைப் பிய்த்துச் சித்தியின் தலையில் வைத்தார். "இந்தப் புள்ளதானுங்க எம்மருமக."

மாப்பிள்ளை சொன்ன சொல் தவறவில்லை. கம்பெனி அனுமதி வந்த பிறகுதான் கல்யாணம் நடந்தது. அவர் லீவு முடிவதற்குள் அவளுக்கு விசாவும் வாங்கி, இருவரும் சேர்ந்தே விமானம் ஏறினார்கள். ஆனால் பெண் பார்த்த அன்று சாயங்காலம், எரியோட்டுக்காரர்களின் வேன் என்னையும் அம்மாவையும் வீட்டில் இறக்கிவிட வந்தபோது, எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மீந்த பஜ்ஜியை ஆளுக்கொன்றாகத் தின்றபடி எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். என் கௌரவம் கப்பலேறியதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. படம் வரவில்லை, சத்தம் வரவில்லை. இதைவிட ஓட்டைக் கம்ப்யூட்டர் உலகத்திலேயே கிடையாது, இனி ஜென்மத்துக்கும் அந்தச் சென்டர் படியை மிதிக்க மாட்டேன் என்று பொருமினேன்.

சித்தி என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். பாதி மல்லிகை இன்னும் அவள் தலையில் மணத்துக்கொண்டிருந்தது.

"அப்பிடிச் சொல்லாத பாப்பா. அது ரொம்ப நல்ல கம்ப்யூட்டரு" என்றாள்.

டைப் அடிக்க மட்டும் தெரிந்துவைத்திருக்கிறாள், பாவம், கம்ப்யூட்டரைப் பற்றி இவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.