இருதலைப்பட்சிக்கு ஒரு தலை

ஸ்க்ரீன்ஷாட் எடுப்பதற்கு முன்னால் கமலாட்சி அக்கா கம்ப்யூட்டர் திரையைத் துடைப்பார். முந்தானை நுனியை விரலில் சுற்றி, வாயால் ஒருமுறை ஊதி, நடுவிலிருந்து ஓரத்துக்கு. பிறகு மவுஸ் அம்பை மூலைக்குத் தள்ளிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்துவார்.

திரையில் இருக்கிற தூசி படத்தில் விழாது என்று சொல்ல மூன்று வருடமாக நினைத்திருந்தேன். சொல்லவில்லை.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தின் டிசைன் அறை அது. சேலைக்கான உருவங்களை அக்கா கட்டம் கட்டமாக வரைவார். நான் அடுத்த மேஜையில் அச்செடுப்பேன்.

தை மாதம் மேனேஜர் திருஞானசம்பந்தம் வந்தார். "சென்னையில வாங்குறவங்களுக்கு நம்ம டிசைனைக் காட்டணும்மா. ஆறு சிலைடு. புடிச்சா இந்த ரூம் இருக்கும். இல்லன்னா வெளியில வாங்கிக்கலாம்னு பேசிக்கினு இருக்காங்க."

அக்கா படம் எடுத்தார். நான் ஓரம் வெட்டி சிலைடில் ஒட்டினேன். ஆறிலும் பாதி உருவம்தான். கடைசியாக இருதலைப்பட்சி, அவருடைய நாலு மாத உழைப்பு. பெரிதாக்கி, இடது பாதியை மட்டும் எடுத்திருந்தார்.

"அக்கா, இன்னொரு தலை?"

"மீதியைத் தறி போட்டுக்கும்பா. நெசவுக்காரன் வூட்டுப் புள்ள, உனக்குத் தெரியாதா?"

தெரியும். பாதி வரைந்தால் மறுபாதி தறியில் கண்ணாடி மாதிரி தானாக விழும். எங்கள் தெருவில் யாரும் முழுசாக வரைவதில்லை. பார்க்கப்போகிறவர்கள் எங்கள் தெருக்காரர்கள் இல்லையே என்பது தொண்டை வரை வந்தது. ஓரத்தை இன்னும் கொஞ்சம் நேராக வெட்டினேன்.

சென்னையிலிருந்து திரும்பிய மேனேஜர் உட்காரவில்லை. "அரைகுறையா அனுப்பியிருக்கீங்கன்னு சிரிக்கிறாங்கம்மா. ஒருத்தர் கேக்குறாரு, இது என்னா கோழியான்னு."

கோழிக்கு அக்காவும் சிரித்தார். பிறகு திரையைத் துடைத்தார். அன்று எடுக்க வேண்டிய படம் எதுவும் இல்லை.

மாசக் கடைசியில் அறையைப் பூட்டினார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் சேலை மடிக்கப் போனார் அக்கா. அங்கேயும் இரண்டு மாதம்தான் வைத்திருந்தார்களாம்.

ஆடியில் அவர் மகள் தீபிகாவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கையில் கண் ஆஸ்பத்திரிச் சீட்டு.

"ரெண்டு கண்ணுலயும் புரை அண்ணா. நாலு வருஷமா இருந்திருக்குது. எதைப் பாத்தாலும் மேல தூசி படிஞ்ச மாதிரியே இருக்குமாம். முழு டிசைனையும் திரையில வெச்சா கோடே தெரியாதாம், பாதியைப் பெருசாக்கினாத்தான் தெரியுமாம். சொன்னா வேலை போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல."