பிரியந்தியின் கண்ணாடி அலுமாரி

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு இப்போது பெயர் மாறிவிட்டது. 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று வாசலில் மூன்று மொழியிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பொறுப்பானவள் பிரியந்தி. காலையில் பேர் கொடுத்து வேலை வாங்கப் பெரட்டுக்கு ஓடும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகள், கைக்குழந்தை முதல் ஐந்து வயது வரை, மாலைவரை அவள் கையில்தான். அக்கரப்பத்தனைப் பக்கத்திலேயே இவளைப் போல் பொறுப்பானவள் கிடையாது என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சொல்வார். துரை அங்கே வருவது வருஷத்துக்கு இரண்டு தடவை, அதுவும் சப்பாத்தைக் கழற்றாமல்.

நான் தோட்டத்துப் பாடசாலையில் தரம் ஒன்றுக்குப் படிப்பிக்கிறேன். பிரியந்தி வளர்த்து அனுப்பும் பிள்ளைகள் நேராக என் வகுப்புக்குத்தான் வருகிறார்கள். ஆகவே அவளைப் பற்றி வாய்திறக்க எனக்குத்தான் முதல் உரிமை.

மேல் பிரிவு லயத்து வரிசை வீடொன்றில் நான்காவது பெண்ணாகப் பிறந்தவள் அவள். நடக்கப் பழகிய கையோடு அக்காமாரின் பிள்ளைகளை இடுப்பில் தூக்கத் தொடங்கிவிட்டாள். கொழுந்துக் கூடையைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்து, சாதாரண தரப் பரீட்சை எழுதி, இரண்டாம் முறையில் தேறி, இந்த வேலையைப் பிடித்தாள். அதுவரை மெச்சத்தான் வேண்டும். அதன்பிறகு நுவரெலியாவில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்தாள். அங்கிருந்து ஒரு சான்றிதழும், மூளைப் படம் போட்ட பெரிய சுவரொட்டி ஒன்றும் கொண்டுவந்தாள். "பிள்ளையின் மூளை வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் ஐந்து வருடங்களிலேயே நடக்கிறது. தொட்டு, எடுத்து, போட்டு, பேசிப் பழகும்போதே மூளையில் இணைப்புகள் உருவாகின்றன." யார் வந்தாலும் இதைத் தேவாரம் மாதிரி ஒரு பிசகில்லாமல் ஒப்புவிப்பாள்.

அந்தச் சுவரொட்டிக்குக் கீழேதான் அலுமாரி. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கொடுத்த விளையாட்டுச் சாமான்கள் அதற்குள்ளே இருக்கின்றன. மரக்கட்டைகள், கோர்க்கும் மணிகள், சிவப்பு லொறி, துணிப் பொம்மைகள். எல்லாம் வந்த பொலித்தீன் உறையோடு அப்படியே இருக்கும். கண்ணாடிக் கதவு, அதில் பூட்டு. விருந்தாளிகள் வந்தால் திறப்பாள். பாயில் பரப்பி, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, படம் எடுத்து முடிந்ததும் துடைத்து உள்ளே வைப்பாள். மிச்ச நாளெல்லாம் பிள்ளைகள் சுவரோரம் கைகட்டி உட்கார்ந்திருக்கும். திரிபோஷா சத்துமா உருண்டை, பால், தூக்கம். எங்கும் சத்தமில்லை. சத்தமில்லாத பிள்ளைக் காம்பராதான் நல்ல பிள்ளைக் காம்பரா என்று இங்கே எல்லாருக்கும் ஒரு நினைப்பு. தாய்மாருக்கும் அப்படித்தான்.

அவளை மட்டும் திட்டி என்ன பயன்? வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பொம்மைக்குக் கை கழன்றுபோனதற்கு, தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிளாக்கர் ஐயா ஊர்ச்சனத்துக்கு முன்னால் அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டார். மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளையைப் பற்றி அதே ஐயா ஒருநாளும் கேட்டதில்லை. பொம்மையை எண்ணுவதோடு அவர் கடமை முடிந்தது.

கல்யாணமாகி வெகு காலம் கழித்துப் பிரியந்திக்குத் துஷாந்த் பிறந்தான். அவனும் அதே காம்பராவில், அதே அலுமாரிக்கு முன்னால்தான் வளர்ந்தான். தன் பிள்ளைக்கு மட்டும் கொடுக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று அவனைக் கண்ணாடியைக்கூடத் தொடவிடவில்லை. கைரேகை விழுந்துவிடுமாம். என்ன நேர்மை! இந்த நேர்மையைக் கொண்டுபோய் உடைப்பில் போட!

இந்த வருஷம் துஷாந்த் என் வகுப்புக்கு வந்தான். போத்தல் மூடிகளையும் தேயிலைக் கொட்டைகளையும் மேசையில் கொட்டி, "எண்ணுங்க, அடுக்குங்க" என்று விடுவது என் வழக்கம். மற்றப் பிள்ளைகள் இரண்டு வாரம் தயங்கிவிட்டுப் பிறகு பாய்ந்து எடுக்கும். கொழுந்து பறிக்கும் பூரணியின் மகள் முதல் நாளே என் மேசையைக் குப்பையாக்கிவிட்டாள். அவளைப் பூரணி பிள்ளைக் காம்பராவில் விடாமல், மஃறூப் நானா கடையில் அவர் மனைவி ஸுலைஹாவிடம் விட்டு வளர்த்தாள். வெங்காயத்தை உருட்டி, தராசுப் படிக்கல்லை ஏற்றி இறக்கி, வருகிறவர் போகிறவரோடெல்லாம் வாயடித்து வளர்ந்தது அது. மூன்றாம் மாதமே எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டது. துஷாந்த் இன்னமும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறான். பென்சிலைக் கொடுத்தால் பத்திரமாகத் திருப்பித் தருகிறான். 'அ'னா ஒன்று வரவில்லை.

பிரியந்தியைக் கூப்பிட்டேன்.

"எம்புள்ள ரொம்ப அடக்கம் டீச்சர். ஒரு சாமான ஒடச்சதில்ல," என்றாள் பெருமையாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடக்கம் இல்லடி, பயம். ஊருக்கெல்லாம் மூளைய பத்திப் பாடம் நடத்துற, ஒம்புள்ளைக்கு ஒரு கட்டைய எடுத்துக் குடுத்தியா? இப்பயும் ஒன்னும் கெட்டுப்போகல. இன்னிக்கே அலுமாரியத் தொற. இல்லன்னா அவன் இப்புடியே ஒக்காந்திருப்பான், ஒவ்வொரு வகுப்புலயும்."

அவள் முகம் செத்துப்போனது. ஆனாலும் சொன்னாள்: "அடுத்த வாரம் வெளிநாட்டுக்காரங்க வாறாங்க டீச்சர். அவங்க வந்துட்டுப் போகட்டுமே."

வந்தார்கள். மாலை போட்டோம். பிரியந்தி மூளைப் பாடத்தை ஒப்புவித்தாள், துரை தலையை ஆட்டினார். புத்தம் புதிதாக இருந்த பழைய சாமான்களைப் பார்த்து வந்தவர்கள் நெகிழ்ந்துபோய், இன்னும் ஓர் அலுமாரி நிறையத் தருவதாக வாக்களித்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது.

அவர்கள் போனபின் பிரியந்தி என்னைப் போகவிடவில்லை. துஷாந்தைக் கூப்பிட்டு அலுமாரியை அகலத் திறந்தாள்.

"எடுத்துக்கப்பா. எது வேணுமோ எடுத்து வெளையாடு. அம்மா ஒன்னும் சொல்லமாட்டேன்."

அவன் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு மெதுவாகப் போய், கண்ணாடியில் விரல் படாமல், மரச்சட்டத்தைப் பிடித்துக் கதவைச் சாத்தினான்.

"யாராச்சும் வந்தா எடுப்போம்மா," என்றான்.

பிரியந்தி அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு, தானே கதவைத் திறந்து சிவப்பு லொறியை எடுத்து, உறையைக் கிழித்தாள். மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, லொறியைப் பாயில் வைத்து ஒரு சாண் தூரம் தள்ளினாள். அங்கே நிறுத்தினாள். அதற்குமேல் அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இப்புடித்தானே டீச்சர்?" என்று கேட்டாள்.