ஆமா போட்ட பாய்

வயிற்றெரிச்சலை வயிற்றெரிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும். மனவருத்தம், ஆதங்கம் என்றெல்லாம் பூசி மெழுகிப் பார்த்தேன். வீட்டில் மனைவியே நம்பவில்லை.

நான் பள்ளிக்கூட வாத்தியார். பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வில்லுப்பாட்டும் பாடுகிறேன். கோயில் கொடைகளுக்குப் போகிற பெரிய குழு இல்லை எங்களுடையது. டெங்கு கொசு, ஹெல்மெட், தாமிரபரணியில் பழைய துணியைப் போடாதீர்கள் என்று கூப்பிட்ட இடத்தில் போய்ப் பாடுவோம். வில்லடித்துப் பாடுகிறவன் நான். பக்கத்தில் உட்கார்ந்து குடம் அடிப்பவர் மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய், என்னைவிட நாலு வயது இளையவர். நான் ஒரு வரி சொல்லி நிறுத்தினால் அவர் ‘ஆமா’ போட வேண்டும். வில்லுப்பாட்டில் அதுதான் முறை. அந்த ஆமாவுக்குள்தான் நான் மூச்சு வாங்குவேன், அடுத்த வரியையும் யோசித்துக்கொள்வேன். பாட்டு என்னுடையது, ஆமா அவருடையது. அந்தத் தெருக்கலைத் திருவிழா வரும்வரை இதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு ஞாயிறு காலை, பஸ் போகிற சாலையை மறித்து நடத்தினார்கள். மணிப்பூர்க்காரர்கள் கழுத்தில் மேளத்தோடு அந்தரத்தில் சுழன்று விழுந்து எழுந்தார்கள். ராஜஸ்தான் பொம்மைகளுக்கு முன்னால் நம்மூர்ப் பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கேரளச் செண்டை நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்ந்தது. சர்ச் முடிந்து வந்தவர்கள் பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள். நானும் வாய் பிளந்துதான் பார்த்தேன். அவர்களில் யாரும் என் பாட்டைப் பாடப் போவதில்லையே, பொறாமைப்பட என்ன இருக்கிறது?

பிறகு அந்த வெள்ளைக்காரக் கோமாளி வந்தார். வாயே திறக்க மாட்டார், எல்லாம் சைகைதான். எங்கள் முறைக்காகக் குடத்தை மடியில் வைத்துக் காத்திருந்த பாயின் முன்னால் வந்து நின்று, கையை விரித்து நீளமாக ஏதோ கதை சொன்னார். பாய் சும்மா இருந்திருக்கலாம். பழக்கதோஷம், கோமாளியின் கை நின்றதும் “ஆமா” என்றார்.

கூட்டம் சிரித்தது. கோமாளி ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, தூண்டில் போடுவதுபோல் செய்தார். பாய் ஒரு ஆமா போட்டார். மீன் ஆளையே இழுத்துக்கொண்டு போனது. அதற்குச் சந்தேகமாக ஒரு ஆமா. கரையேறி உட்கார்ந்து கோமாளி அழுதார். தொண்டை கம்மிப்போய் ஒரு ஆமா. கால் மணி நேரம் தெருவே குலுங்கியது. அவரிடம் இத்தனை தினுசு ஆமா இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. பன்னிரண்டு வருஷமாக எனக்குக் கிடைத்ததெல்லாம் ஒரே ஆமாதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் முறை வந்ததும் பாய் பெயரைச் சொல்லி ஒரே கைதட்டல். என்னிடம் படித்தவர்கள் நாலு பேர் முன்வரிசையில் நின்றார்கள். அவர்களும் அவருக்குத்தான் விசில் அடித்தார்கள். சரி, இன்றைக்கு ஆமாவுக்கு இடமே கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். வரியோடு வரியை ஒட்டிப் பாடினேன். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் அடுத்த வரியில் இருந்தேன். ஆற்றில் துணி போடுகிற கதையில் பாதி தூரம் போவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. அடுத்த வரி சுத்தமாக மறந்துபோயிற்று. வில்லில் அடிக்க ஓங்கிய கோல் ஓங்கினபடியே நின்றது.

பாய் பைய குடத்தைத் தட்டினார்.

“ஆமா… ஆத்துல முங்குன ஆளு காலைச் சுத்துனது பாம்புன்னுலா அலறுதாரு. பாத்தா அவரு போட்ட பழைய வேட்டி. அப்படித்தான அண்ணாச்சி?”

தெரு மறுபடியும் குலுங்கியது. எனக்கு வரி ஞாபகம் வந்துவிட்டது. நன்றி மட்டும் வரவில்லை.

பாடி முடித்து இறங்கியதும், திருவிழாவை நடத்திய பெண் ஒருத்தி எங்களைத் தேடி வந்தாள். கோமாளியின் குழு புதுச்சேரி, கொச்சி என்று இரண்டு மாதம் ஊர் ஊராகப் போகிறதாம். பாயைக் கூட்டிக்கொண்டு போக அவர் ஆசைப்படுகிறாராம். பாயின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கடையைப் பார்த்துக்கொள்ள அவருக்குத் தம்பி இருக்கிறான். ஆனால் அந்த மலர்ச்சியை உடனே மறைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“அண்ணாச்சி பாட்டு இருந்தாத்தாம்மா எனக்கு ஆமா வரும். இல்லியா அண்ணாச்சி?”

பொய். பாட்டே இல்லாமல் வந்த ஆமாவைச் சற்று முன்னால்தான் தெருவே கேட்டது. போகட்டுமா என்றுதான் அவர் என்னிடம் கேட்கிறார், அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. ‘போயிட்டு வாரும் வே’ என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆமா” என்றேன்.

பன்னிரண்டு வருஷத்தில் நான் அவருக்குப் போட்ட ஒரே ஆமா அது. பாய் குடத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு, வெயில் ஏறிவிட்டது, வீட்டுக்குப் போவோம் என்றார்.

அடுத்த ஞாயிறும் வந்தார். என் பாட்டுக்கு ஆமா போட்டார், அதே பழைய ஆமா.